வாப்பாவின் கால் புண்ணுக்கு விலங்குத் திசுத் தாள் வைக்கலாம் என்கிறார்கள், அதில் விலங்கின் எது மிச்சம் இருக்கும்?

கரைவலைப் பேரன், பெரியபட்டினம்:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், விஷயம் தெரிந்தவர்கள் பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

வாப்பாவுக்கு 61 வயது. தை மாதம் முழங்கால் தண்ணீரில் நின்று கரைவலை இழுக்கும்போது திருக்கையை மிதித்துவிட்டார், முள் கணுக்காலுக்குக் கீழே பக்கவாட்டில் ஏறிவிட்டது. ஊரில் எல்லாரும் செய்வதுபோல் பொறுக்கும் சூட்டில் தண்ணீரில் காலை வைத்து, வலி அடங்கியதும் இரண்டாம் நாளே கடலுக்குப் போய்விட்டார். அவருக்கு 12 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, அதை யாரும் அப்போது யோசிக்கவில்லை, நானும்தான். இப்போது நாலு மாதம் ஆகிறது. புண் மூடவில்லை. ஓரத்தில் தோல் வெள்ளையாகத் தடித்து, நடுவில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் பள்ளம், துணியை எடுக்கும்போது தினமும் லேசான வாடை.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினோம். அங்கே ஒரு இளம் டாக்டர், விலங்குத் திசுவிலிருந்து செய்த தாள் ஒன்று இருக்கிறது, அதிலுள்ள செல்களை எல்லாம் கழுவி எடுத்துவிட்டு, கட்டடத்துக்குக் கட்டும் சாரம் மாதிரி இருக்கும் கூட்டை மட்டும் வைத்திருப்பார்கள், அதைப் புண்ணில் வைத்தால் உங்கள் வாப்பாவின் செல்களே அதற்குள் ஏறி வளரும் என்றார். எந்த விலங்கு என்று கேட்டேன். பன்றி உண்டு, மாடு உண்டு, வெளிநாட்டில் மீன் தோலிலும் செய்கிறார்கள் என்றார். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் பன்றி இதயத்தைக் கழுவி அதில் மனித செல்லை வளர்க்கிறார்கள் என்று ஏதேதோ வருகிறது. என்னால் அதையும் இதையும் சேர்த்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. கழுவிவிட்டால் அப்புறம் அது பன்றிதானா? எதைக் கழுவுகிறார்கள், எது மிச்சம் இருக்கிறது? வாப்பாவிடம் நான் என்ன சொல்லிக் கேட்பது? இன்னொன்று, மீன் தோலில் செய்ய முடியும் என்றால் நம் கரையில் ஒவ்வொரு நாளும் கூடை கூடையாகத் தோலும் செதிலும் சங்காயத்தோடு, அதாவது சாப்பாட்டுக்கு ஆகாத கழிவு மீனோடு, போகிறதே, அதை ஏன் யாரும் எடுப்பதில்லை?


மண்டபம் கேம்ப்:

வ அலைக்கும் ஸலாம் தம்பி. நான் மண்டபத்தில் வளர்ந்தவள், திசுப் பொறியியல் ஆய்வகத்தில் எட்டு வருடமாக இந்த வேலையைத்தான் செய்கிறேன். டாக்டர் சொன்னதும் நீங்கள் தேடிப் படித்ததும் ஒரே குடும்பம்தான், ஆனால் தூரம் அதிகம், அதைப் பிரித்துச் சொல்கிறேன்.

நம் பக்கத்து ஆளுக்குப் புரிய வைக்கப் பவளப்பாறையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பவளப்பூச்சி செத்துப்போனாலும் அது கட்டிய கல் அப்படியே நிற்கும், வருடக்கணக்கில். பிறகு வேறு குஞ்சுகள் நீந்தி வந்து அந்தக் கல்லில் ஒட்டிக்கொண்டு வளரும். மணலில் அவை ஒட்டாது, பிடிமானம் வேண்டும். நம் உடம்பும் அப்படித்தான். செல்கள் தங்களைச் சுற்றித் தாங்களே ஒரு நார்ப் பின்னலைக் கட்டிக்கொண்டு அதற்குள் குடியிருக்கின்றன. அந்தப் பின்னலில் பெரும்பங்கு கொலாஜன் என்ற புரதம். ஆய்வகத்தில் நாங்கள் செய்வது, குடியிருப்பவர்களை வெளியேற்றிவிட்டு வீட்டை இடிக்காமல் வைத்திருப்பது.

எப்படி என்று ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள். பன்றியின் சிறுநீர்ப்பையை வெட்டிக் கொண்டுவந்து கொழுப்பைச் சுரண்டி எடுப்போம். வீட்டில் ஆட்டுக்குடலைத் திருப்பிப்போட்டு மஞ்சள் போட்டுத் தேய்த்து அலசுவார்களே, முதல் அரை மணி நேரம் அதே வேலைதான், அதே வாடைதான். அப்புறம் சோப்பு மாதிரியான ஒரு கரைசலில் போட்டு மெதுவாக ஆட்டிக்கொண்டே இருக்கும் மேடையில் வைப்போம். செல்லின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு பட்டதும் கிழிந்துவிடும், உள்ளே இருப்பதெல்லாம் தண்ணீரோடு வெளியே வரும். தண்ணீர் கலங்கக் கலங்க மாற்றுவோம். பிறகு டி.என்.ஏ.வை வெட்டும் நொதி, அதன்பின் கிருமி நீக்கம், அப்புறம் அந்தச் சோப்பே மிச்சம் இல்லாதபடி நாள் கணக்கில் அலசல். சோப்பு மிச்சம் இருந்தால் பிறகு வைக்கும் மனித செல்லையும் அது கொன்றுவிடும், எனக்கு முதல் வருடம் மூன்று தட்டுகள் அப்படித்தான் போயின. சரியாக வந்தால் இளஞ்சிவப்பாக இருந்த சதை இளநீர் வழுக்கை மாதிரி வெள்ளையாகி, தூக்கிப் பிடித்தால் மறுபக்கம் விரல் தெரியும். முதன்முதலில் அப்படி ஒன்றைக் கையில் ஏந்தியபோது எனக்குப் பேச வரவில்லை.

மிச்சம் என்ன இருக்கும் என்று கேட்டீர்கள். கொலாஜன், இன்னும் சில நார்ப் புரதங்கள், அவற்றில் ஒட்டியிருக்கும் சில வளர்ச்சித் தூண்டிகள். விலங்கின் செல் இருக்கக் கூடாது. இந்தத் துறையில் பெரும்பாலோர் வைத்திருக்கும் அளவுகோல், உலர்ந்த திசு ஒரு மில்லிகிராமுக்கு டி.என்.ஏ. 50 நானோகிராமுக்குள் இருக்க வேண்டும், அதுவும் 200 எழுத்து நீளத்துக்குக் குறைவான துணுக்குகளாக. அதாவது சுத்தமாகப் பூஜ்யம் என்று யாரும் சொல்வதில்லை, உடம்பு எதிர்க்காத அளவுக்குக் குறைவு என்பதுதான் கணக்கு. ஏன் இவ்வளவு பாடு என்றால், பன்றி, மாட்டின் செல்லில் ஆல்ஃபா கேல் என்று ஒரு சர்க்கரை இருக்கிறது, மனிதர்களிடம் அது கிடையாது, அதைக் கண்டால் நம் ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதம் பாய்ந்து தாக்கும். கொலாஜன் அப்படி இல்லை, பன்றிக்கும் நமக்கும் அது ஏறக்குறைய ஒன்றே.

அந்தக் கொலாஜன் எப்படி முறுக்கியிருக்கிறது என்று உலகத்துக்குச் சொன்னது நம் சென்னைதான். மதராஸ் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954ல் அது மூன்று புரி என்று காட்டினார்கள். கங்காருவின் வால் தசைநாணை எக்ஸ் கதிரில் வைத்துப் பார்த்து எழுதியது அது. கயிறு திரிக்கிறவர்களுக்கு மூன்று புரி ஏன் பலம் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, இப்போது அந்த இதயக் கதை. 2008ல் அமெரிக்காவில் மின்னசோட்டாவில் டோரிஸ் டெய்லரும் ஹரால்ட் ஆட்டும் ஒரு எலியின் இதயத்தை அதன் சொந்த ரத்தக் குழாய் வழியாகவே சோப்புக் கரைசலை ஓடவிட்டுக் கழுவினார்கள். வெள்ளை இதயம் கிடைத்தது, அறைகளும் வால்வுகளும் குழாய்களும் இருந்த இடத்தில் இருந்தன. அதில் எலிக்குட்டியின் இதய செல்களை ஊற்றி வளர்த்தார்கள், எட்டாம் நாள் அது துடித்து உள்ளே விட்ட திரவத்தைத் தள்ளியது. ஆனால் வளர்ந்த எலி இதயத்தின் பலத்தில் 2 சதவீதம்தான். அதிலிருந்து இன்றுவரை பன்றி இதயம், பன்றிக் கல்லீரல் என்று மனித செல்லை வைத்து முயற்சி நடக்கிறது. தடை எங்கே என்றால் ஒரு முழு உறுப்புக்குக் கோடிக்கணக்கில் செல் வேண்டும், எல்லா ரத்தக் குழாயின் உள்பக்கத்திலும் ஒரு இடம்கூட விடாமல் செல் பூசினாற்போல் ஒட்ட வேண்டும், கொஞ்சம் விட்டால் அந்த இடத்தில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே அது இன்னும் ஆய்வக வேலை.

வாப்பாவுக்குச் சொன்னது அது இல்லை. ஆய்வகத்தில் யாருடைய செல்லையும் வைக்கப்போவதில்லை, வெறும் தாள். அதில் ஏறப்போவது வாப்பாவின் செல்தான், ரத்தக் குழாயும் அவருடையதே முளைத்து உள்ளே வரும், தாள் மெதுவாகக் கரைந்து போகும். இது நடைமுறையில் இருக்கிறது. நம் நாட்டிலேயே திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனத்தில் பன்றியின் பித்தப்பையிலிருந்து கோலிடெர்ம் என்று ஒன்றைச் செய்து 2023ல் மருந்துக் கட்டுப்பாட்டாளரின் அனுமதியும் வாங்கினார்கள். கசாப்புக் கடையில் தூக்கி எறியும் பித்தப்பை என்பதை நினைத்துப் பாருங்கள்.

மீன் தோலைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், அது என் மனதுக்கு நெருக்கமான விஷயம்.


ராம்நாடு நர்ஸ்:

தம்பி, மேலே அக்கா எழுதியதெல்லாம் சரி. ஆனால் நான் 19 வருடமாகப் புண் கட்டுகிறவள், என் கண்ணில் படுவது வேறு. எந்தத் தாளாக இருந்தாலும் அது விதை விழும் நிலம் மாதிரிதான், தண்ணீர் பாயாத வயலில் என்ன போட்டும் முளைக்காது. வைப்பதற்கு முன்னால் சிலதை டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

அந்தக் காலுக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று டாப்ளர் பார்த்தார்களா? புண்ணுக்கு அடியில் எலும்பில் சீழ் பிடித்திருக்கிறதா? மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு எவ்வளவு? அப்புறம் முக்கியமாகத் திருக்கை முள். அது ரம்பம் மாதிரி பல் பல்லாக இருக்கும், இழுக்கும்போது நுனி உள்ளே ஒடிந்து தங்கிவிடும், மேலே உறையும் கழன்று சதைக்குள் நிற்கும். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவருக்கு ஆறு மாதம் ஆறாத புண்ணுக்குள் அரிசி அளவுத் துண்டு ஒன்று இருந்தது, எடுத்த மூன்றாம் வாரம் புண் சுருங்க ஆரம்பித்தது. வாப்பாவுக்கு எக்ஸ்ரே எடுத்தார்களா, எடுக்கவில்லை என்றால் முதலில் அதை எடுங்கள்.

அந்த வெள்ளைத் தடிப்பும் செத்த சதையும் வெட்டிச் சுத்தம் செய்த பிறகுதான் தாள் வைக்க வேண்டும். வைத்த பிறகு அந்தக் காலை ஊன்றவே கூடாது. இதைச் சொன்னால் கடலுக்குப் போகிற ஆட்கள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனதும் கொல்லைக்கு நடந்து போவார்கள், பள்ளிவாசலுக்கு நடந்து போவார்கள். விலை உயர்ந்த தாள் ஒரே வாரத்தில் கசங்கிப் போவதைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன். வாப்பாவை உட்கார வைக்க முடியுமா என்று நீங்கள் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள், அதுதான் பாதி வைத்தியம்.

எந்தப் பிராணி என்பது பாக்கெட்டில் எழுதியிருக்கும். கையெழுத்துப் போடும் முன் பாக்கெட்டைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. மீன் ஒவ்வாமை உள்ளவருக்கு மீன் தோல் வைக்கக் கூடாது, அதையும் சொல்லிவிடுங்கள்.


கீழக்கரை காக்கா:

தம்பி, எனக்கு நெஞ்சில் வால்வு மாற்றியபோது இதே கேள்வி வந்தது. பன்றியின் வால்வு ஒன்று, மாட்டின் இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையில் தைத்தது ஒன்று, உலோகத்தில் ஒன்று என்று மூன்றையும் சர்ஜன் மேசையில் வைத்துக் காட்டினார். மாட்டு உறை எனக்குப் பொருந்தும் என்று சொன்னதால் மனக்கஷ்டம் இல்லாமல் அதை எடுத்துக்கொண்டேன், இன்றைக்கும் அதுதான் திறந்து மூடுகிறது.

அது பொருந்தாமல் பன்றியுடையது மட்டும்தான் வழி என்றால் என்ன செய்வது என்று முன்னாலேயே எங்கள் ஆலிமிடம் போய் உட்கார்ந்து கேட்டேன். உயிருக்கு ஆபத்து வந்து வேறு வழி இல்லாத நிர்ப்பந்தத்துக்கு மார்க்கத்தில் இடம் இருக்கிறது, ஆனால் வேறு வழி இல்லை என்பதை நீ சொல்லக் கூடாது, நம்பிக்கையான வைத்தியர் சொல்ல வேண்டும் என்றார். கழுவி மாறிப்போன பொருள் பழைய பொருள்தானா என்பதில் அறிஞர்கள் ஒரே மாதிரி சொல்லவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். அதனால் நான் உங்களுக்குத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். டாக்டரிடம் மாடோ மீனோ கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள், கிடைக்கவில்லை என்றால் அந்தப் பதிலோடு உங்கள் ஊர் ஆலிமிடம் போங்கள். வாப்பாவிடம் மறைத்துவிட்டு மட்டும் செய்யாதீர்கள். அவர் கால் அது.


மண்டபம் கேம்ப்:

காக்கா சொன்னதை மனதார ஏற்கிறேன். எங்கள் துறையில் பல பேர் இந்தக் கேள்வியைக் கேட்கவே மறந்துவிடுகிறார்கள்.

மீன் தோல். ஐஸ்லாந்தில் கெரெசிஸ் என்ற நிறுவனம் காட் மீனின் தோலை எடுத்துச் செல் நீக்கிப் புண்ணுக்கு வைக்கும் தாளாகச் செய்கிறது, 2013ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குளிர்கடல் மீனிலிருந்து மனிதனுக்குத் தொற்றும் வைரஸ் ஆபத்து பன்றி, மாட்டைவிடக் குறைவு என்பதால் கடுமையான ரசாயனம் போடாமல் மென்மையாகக் கழுவினால் போதும், அதனால் தோலில் இருக்கும் துளைகளும் ஒமேகா 3 கொழுப்பும் கெடாமல் நிற்கும். பிரேசிலில் ஃபோர்ட்டலெசா நகரத்தில் திலேப்பியாத் தோலைத் தீக்காயத்துக்குப் போர்வை மாதிரி ஒட்டினார்கள், அது செல் ஏறும் சாரமாக இல்லாமல் மேலே மூடும் கட்டாகப் பயன்பட்டது, தினமும் கட்டுப் பிரித்து வலியில் துடிக்க வேண்டாம் என்பதே அதன் பெரிய லாபம்.

நம் கடலுக்கு ஒரு விசேஷம் உண்டு. மீன் கொலாஜன் எவ்வளவு சூடு தாங்கும் என்பது அந்த மீன் வாழும் தண்ணீரைப் பொறுத்தது. காட் மீனின் கொலாஜனைப் பிரித்தெடுத்துக் கரைத்தால் 15 டிகிரிப் பக்கத்திலேயே அந்த மூன்று புரி பிரிந்து ஜெலட்டினாகிவிடும். வெதுவெதுப்பான தண்ணீர் மீனுடையது அதைவிட எவ்வளவோ மேலே, 30 டிகிரியைத் தாண்டியும் நிற்கும். தோலாகவே வைத்தால் நார்கள் சேர்ந்து பின்னியிருப்பதால் காட் மீனும் தாங்குகிறது, ஆனால் கரைத்துக் கூழாக்கி அதில் செல் வளர்க்க வேண்டும் என்றால் மன்னார் வளைகுடா மீனுக்குத்தான் பலம். நான் முதலில் இதைப் படித்தபோது எங்கள் வீட்டு அடுப்படியில் அம்மா உரித்துப் போட்ட விளமீன் தோல்தான் கண்முன் வந்தது.

அப்புறம் ஏன் யாரும் எடுப்பதில்லை? சங்காயத்தில் பத்து இன மீன் கலந்து வெயிலில் கிடக்கிறது. மருத்துவத் தாளுக்கு அது ஆகாது. ஒரே இனம், எந்தக் கடலில் எப்போது பிடித்தது என்ற குறிப்பு, படகிலேயே ஐஸ், தோலில் பாதரசம், காரீயம் எவ்வளவு என்ற சோதனை, இவ்வளவும் இருந்தால்தான் முதல் படி. மீன் வெட்டும் பெண்களின் கை அந்த வேலைக்கு ஏற்கெனவே பழகிய கை, ஒரு கீறல் இல்லாமல் தோலை உரிக்க எங்கள் ஆய்வக மாணவர்களுக்கு ஒரு மாதம் ஆகிறது, சந்தையில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு அரை நிமிடம். அந்தக் கைக்கு நல்ல கூலி தரும் ஒரு சின்னக் குளிர்பதனக் கூடம் இங்கே வர வேண்டும் என்று நான் போகிற இடத்தில் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன், இதைப் படித்துவிட்டு யாரும் பச்சை மீன் தோலைப் புண்ணில் வைத்துவிடாதீர்கள். கடல் தண்ணீரில் விப்ரியோ என்று ஒரு கிருமி இனம் இருக்கிறது, சர்க்கரைக்காரர்களின் காயத்தில் அதில் சில வகை புகுந்தால் இரண்டு நாளில் காலையே எடுக்க வைத்துவிடும்.


பாசிக்காரி மகள், பாம்பன்:

நான் டாக்டரும் இல்லை, ஆய்வாளரும் இல்லை, காலேஜில் நுண்ணுயிரியல் இரண்டாம் வருடம். ஒரு சந்தேகம் மட்டும். எங்கள் அம்மா தீவுப் பக்கம் முங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுப்பவர், விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறிக் கண் சிவந்து வருவார். எங்கள் லேபில் கிருமி வளர்க்கத் தட்டில் ஊற்றும் அகார் என்ற கூழ் அந்தப் பாசியிலிருந்துதான் வருகிறது என்று மேடம் சொன்ன அன்று நான் வீட்டுக்குப் போய் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டக்கோரை என்ற இன்னொரு பாசியிலிருந்து ஆல்ஜினேட் என்ற கூழ்ப்பொருளும் எடுக்கிறார்கள். அதெல்லாம் செடி மாதிரிதானே, பன்றியா மாடா என்ற கேள்வியே வராதே, அதில் ஏன் மனித செல்லை வளர்க்கக் கூடாது?


மண்டபம் கேம்ப்:

தங்கச்சி, நல்ல கேள்வி. வளர்க்கிறார்கள், ஆனால் இடக்கு ஒன்று உண்டு. மனித செல்லின் மேல் சின்னச் சின்னக் கைகள் மாதிரி புரதங்கள் இருக்கின்றன, அவை பிடிக்கக் கைப்பிடி வேண்டும். கொலாஜனிலும் அதோடு இருக்கும் ஃபைப்ரோனெக்டின் என்ற புரதத்திலும் அந்தக் கைப்பிடி இருக்கிறது, ஃபைப்ரோனெக்டினில் அது மூன்றே மூன்று அமினோ அமிலம் வரிசையாக நிற்கும் இடம். அகாரிலும் ஆல்ஜினேட்டிலும் அது இல்லை. நீ அகார் தட்டில் மனிதத் தோல் செல்லைப் போட்டால் அது ஒட்டாமல் உருண்டையாக மிதக்கும், கொஞ்ச நாளில் செத்துவிடும். பாக்டீரியாவுக்கு அந்தப் பிடி வேண்டாம், அதனால்தான் உன் தட்டில் அது செழிப்பாக வளர்கிறது. இப்போது ஆல்ஜினேட்டில் அந்த மூன்று அமினோ அமிலத்தைத் தனியாகக் கோத்து ஒட்டியும், மீன் கொலாஜனைக் கலந்தும் செய்கிறார்கள். கீரை இலையைக் கழுவி அதன் நரம்பை ரத்தக் குழாயாக வைத்து மனித இதய செல் வளர்த்ததும் நடந்திருக்கிறது, 2017ல், அமெரிக்காவில். ஆனால் விலங்குத் திசுவில் செல் தன் வீட்டை அடையாளம் கண்டுகொண்டு உட்காருவதுபோல் மற்றதில் இன்னும் உட்காரவில்லை. உன் அம்மாவிடம் என் அன்பைச் சொல்.


கரைவலைப் பேரன், பெரியபட்டினம்:

எல்லாருக்கும் ஜஸாகல்லாஹ். நர்ஸ் அக்கா சொன்னபடி எக்ஸ்ரே எடுத்தோம், முள் எதுவும் இல்லை. டாப்ளரில் முழங்காலுக்குக் கீழே ஒரு குழாயில் ரத்தம் குறைவாகப் போவது தெரிந்தது, முதலில் அதைத் திறந்துவிட்டு அப்புறம் தாளைப் பற்றிப் பேசலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். மாட்டுத் திசுவில் செய்தது வரவழைக்க முடியும் என்கிறார்.

வாப்பாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். பன்றி, மாடு என்றபோது பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மீன் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, நம் கடலில் தோல் உரிக்க விளமீனைவிட ஊளி நல்லது, அகலமாக வரும், செதில் பொடி என்றார். மண்டபம் அக்கா, என் தங்கை மகள் பயோடெக் படிக்கிறாள், புராஜெக்டுக்கு இதை எடுக்கட்டுமா என்று கேட்கிறாள். எங்கிருந்து ஆரம்பிப்பது?


மண்டபம் கேம்ப்:

வாப்பா சொன்ன ஊளியிலேயே ஆரம்பிக்கட்டும். ஒரே படகு, ஒரே நாள் மீன். உரித்ததும் உப்புப் போடாமல் நல்ல தண்ணீரில் அலசி, பையில் போட்டு, தேதியும் பிடித்த இடமும் எழுதி ஐஸில் வைக்க வேண்டும், வெயிலில் ஐந்து நிமிடம்கூடக் கிடக்கக் கூடாது. பத்துத் தோல் சேர்ந்ததும் எனக்குத் தனிச்செய்தி அனுப்பச் சொல்லுங்கள், கழுவும் முறையைப் படிப்படியாக எழுதித் தருகிறேன்.